முங்கேஷ்பூரில் 3 டிகிரியைக் கழித்தார்கள், 1920இன் கணக்கை யார் சரிபார்த்தது?

பிரிவு: தில்லித் தமிழர் மன்றம் › அறிவியல், சுற்றுச்சூழல்

கரோல்பாக் கணக்கர் (இழையைத் தொடங்கியவர்)

2024 மே 29 நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டியது. இந்தியாவிலேயே இதுவரை இல்லாத வெப்பம் என்று மாலைக்குள் எல்லா டிவியிலும் ஓடியது. பிறகு வானிலைத் துறை ஆளனுப்பிப் பார்த்துவிட்டு, அந்தச் சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டது. அடுத்த நாள் நாக்பூரில் ஒரு நிலையம் 56 காட்டியது, அதுவும் கோளாறு என்றார்கள்.

மெஷின் என்றால் கெடும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் கேள்வி பழைய கணக்கைப் பற்றியது. புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி 1901க்கும் 2018க்கும் இடையே இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. நேற்று வைத்த சென்சாரே 3 டிகிரி தப்பும்போது, 1901இல் யாரோ ஒருவர் கண்ணாடிக் குழாயைப் பார்த்து எழுதியதை வைத்து 0.7 என்று எப்படிச் சொல்ல முடியும்? அதுவும் பழைய எண்களை அப்படியே எடுப்பதில்லை, ‘திருத்தி’ எடுக்கிறார்கள் என்று படித்தேன்.

நான் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். புத்தகத்தில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினால் பழைய தொகை படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், காரணம் வேண்டும். இங்கே அதெல்லாம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம்.

லூ காற்று

சார், அன்றைக்கு எங்கள் துவாரகா ஃபிளாட்டில் மாடித் தொட்டித் தண்ணீரில் ஃபில்டர் காபியே போட்டிருக்கலாம். 49.9 என்றாலும் 52.9 என்றாலும் எங்களுக்கு ஒன்றுதான். 😀

முனிர்கா மாணவி

கணக்கர் சார், உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. முங்கேஷ்பூர் தப்பு என்று எப்படித் தெரிந்தது? ஆள் போய்ப் பார்த்ததற்கு முன்பே அன்று மாலை வந்த அறிவிப்பில், தில்லி வட்டாரத்தின் மற்ற இடங்களில் 45.2 முதல் 49.1 வரை பதிவாகியிருக்க இது மட்டும் தனியாக நிற்கிறது என்று குறிப்பிட்டிருந்தார்கள். அதாவது சந்தேகத்தைக் கிளப்பியது அக்கம்பக்கத்து நிலையங்கள். பழைய பதிவுகளில் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

ஆனால் ஒன்று. 3 டிகிரித் தப்பு எப்படியும் மாட்டிக்கொள்ளும். 0.3 டிகிரித் தப்பு மாட்டாது. கவலைப்பட வேண்டியது பின்னதற்குத்தான்.

இன்னொன்று, ஒரு நாள் உச்சமும் நூறாண்டுச் சராசரியும் வேறு வேறு. ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்து எழுதுவதில் 0.2 டிகிரி முன்பின் பிழை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம், குறைந்தபட்சம் என இரண்டு, மாதத்துக்கு 60. தற்செயல் பிழை 60இன் வர்க்கமூலத்தால் வகுபடும், மாதச் சராசரியில் அது 0.03 ஆகிவிடும். ஆக, 1901இல் கண்ணாடிக் குழாயைப் பார்த்த அந்த மனிதரின் கண் ஒரு பிரச்சினையே இல்லை.

கரோல்பாக் கணக்கர்

தற்செயல் பிழைக்குச் சரி. எப்போதும் ஒரே பக்கமாகத் தப்பினால்? எங்கள் வேலையில் ஒரு குமாஸ்தா கூட்டலில் அங்கங்கே தவறினால் கடைசியில் ஏறக்குறைய சமமாகிவிடும். தராசே சாய்ந்திருந்தால் ஆயிரம் தடவை நிறுத்தாலும் சாய்வு போகாது.

பழைய அப்சர்வர்

நான் இந்த வேலையைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புல்தரையில் நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. ஸ்டீவன்சன் பெட்டி என்போம். சுவர்கள் எல்லாம் சாய்ந்த சட்டங்கள், காற்று போகும், வெயில் போகாது. கதவு வடக்குப் பார்த்து இருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காக. காலை 8:30, மாலை 5:30. கதவைத் திறந்ததும் முதலில் உலர் வெப்பமானியைப் படிக்க வேண்டும், ஏனென்றால் நம் மூச்சும் உடம்புச் சூடும் சில நொடியில் அதில் ஏறிவிடும். கண் பாதரச மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு எண், கீழிருந்து பார்த்தால் வேறு எண்.

அதிகபட்ச வெப்பமானியில் குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும், ஏறின பாதரசம் தானாக இறங்காது. படித்தபிறகு கையில் இறுகப் பிடித்து வீசி இறக்க வேண்டும். குறைந்தபட்ச வெப்பமானியில் பாதரசம் கிடையாது, சாராயம். உள்ளே கறுப்பாக ஒரு சின்ன ஊசி மிதக்கும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சாராயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குழாயின் மேல் முனையில் துளியாக ஒட்டிக்கொள்ளும். அந்த அளவுக்குக் கீழே மட்டம் குறையும், இரவு உண்மையைவிடக் குளிர்ந்ததாகப் பதிவாகும். பழகாத ஆள் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவார்.

ஒவ்வொரு வெப்பமானிக்கும் அதன் திருத்த அட்டை உண்டு, 30 டிகிரியில் இவ்வளவு கழி, 40இல் இவ்வளவு கூட்டு என்று. வெப்பமானி உடைந்து புதிது வந்தால் அட்டையும் மாற வேண்டும். சில இடங்களில் மாறுவதற்கு நாளாகும்.

ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், பெட்டிக்கு வெள்ளை அடிக்கப் பணம் கேட்டு எழுதி அது வருவதற்குள் இரண்டு ஆந்தி (புழுதிப்புயல்) சீசன் போய்விட்டது. புழுதி படிந்து பழுப்பேறிய பெட்டி வெயிலை இழுக்கும். இது தற்செயல் பிழை இல்லை. கணக்கர் சொல்லும் சாய்ந்த தராசுதான்.

துவாரகா டேட்டா

அருமை ஐயா. நீங்கள் சொன்னதில் இரண்டு வகை இருக்கிறது. புழுதிப் பெட்டி மெல்ல மெல்ல ஏறும் பிழை. வெப்பமானி மாறியது, பெட்டி இடம் மாறியது, இவை ஒரே நாளில் வரும் குதிப்பு. திருத்தும் மென்பொருள்கள் முக்கியமாகத் தேடுவது குதிப்பைத்தான்.

எளிமையாகச் சொன்னால், தில்லியின் சஃப்தர்ஜங், பாலம் என்ற இரண்டு நிலையங்களும் ஒரே வானிலையில்தான் இருக்கின்றன. ஒரு மே மாதம் கொடூரமாக இருந்தால் இரண்டிலும் கொடூரம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்த வானிலை அடிபட்டுப் போய்விடும், மிச்சம் ஏறக்குறைய நேர்கோடாக வரும். அந்தக் கோடு 1960இல் திடீரென்று 0.8 இறங்கி அப்படியே நின்றால் (கற்பனை எண், நிஜமல்ல) இரண்டில் ஒன்றில் ஏதோ நடந்திருக்கிறது. எதில்? மூன்றாவது, நாலாவது நிலையத்தோடும் கழித்துப் பார்ப்போம். சஃப்தர்ஜங் இருக்கும் ஜோடிகளில் எல்லாம் குதிப்பு வந்தால் குற்றவாளி சஃப்தர்ஜங். அமெரிக்காவின் நோவா அமைப்பு உலக நிலையங்களுக்குச் செய்வது இந்த ஜோடி முறைதான். 2009இல் மென்னும் வில்லியம்ஸும் வெளியிட்டது.

சார் கேட்ட சுருக்கொப்பம் விஷயம்: மூலத் தரவு தனிக் கோப்பு, திருத்தியது தனிக் கோப்பு, இரண்டும் பொதுவில் இருக்கின்றன. மென்பொருளின் நிரலும் பொதுவில் இருக்கிறது. பழைய தொகை படிக்கும்படிதான் இருக்கிறது. ஆனால் ‘காரணம்’ என்ற பத்தி பல இடங்களில் காலி. மென்பொருள் குதிப்பைக் காட்டும், ஏன் என்று சொல்லாது.

மயூர் விகார் மாமி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் இங்கே வந்த புதிதில் யமுனைப் பக்கம் முழுக்க வயல். மே மாதத்திலும் மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டு, தண்ணீர் தெளித்துப் படுத்தால் இரண்டு மணிக்கு மேல் போர்வை தேடுவோம். இப்போது ராத்திரி பன்னிரண்டுக்குச் சுவரைத் தொட்டால் சுடுகிறது. இது உலகம் சூடாவதா, ஊர் சூடாவதா? இதையும் ‘தப்பு’ என்று கழித்துவிடுவார்களா?

முனிர்கா மாணவி

மாமி, அது தப்பே இல்லை. உங்கள் சுவர் சூடு நிஜம். சிமென்ட்டும் தாரும் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுகின்றன, ஏசி வெளியே தள்ளும் சூடு வேறு. தில்லியில் யாருக்கு எப்போது வெப்ப எச்சரிக்கை தருவது என்று யோசிப்பவர் அதைக் கழித்தால் அது அநியாயம்.

ஆனால் தில்லியின் எண்ணைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சதுர மைல் கிராமத்துக்கும் சேர்த்துப் போடும்போது நகரச் சூட்டை ஊர் முழுக்கப் பூசியதாகிவிடும். ஆகவே எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. உலகச் சராசரியில் இந்த நகர விளைவு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உலக வெப்பநிலைத் தொடரைத் தொகுக்கும் பிரிட்டனின் ஹாட்கிரட் குழு 2006இல் ஒரு மதிப்பு வைத்தது, நூற்றாண்டுக்கு 0.055 டிகிரி. முக்கியமாக அதை ஒருபக்கப் பிழையாக வைத்தார்கள். நகரம் வெப்பத்தைக் கூட்டித்தான் காட்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டதால், உண்மை அதற்குக் கீழே இருக்கலாம் என்று மட்டும் அனுமதித்தார்கள்.

கரோல்பாக் கணக்கர்

நல்லது. துவாரகா தம்பிக்கு ஒரு கேள்வி. 0.8 குதித்தால் தெரியும். 0.2 குதித்தால்? வானிலையே அந்த அளவுக்கு ஏறி இறங்குமே.

துவாரகா டேட்டா

தெரியாது. ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், பெரும்பாலும் தெரியாது.

நான் சொன்ன கழித்தல் கோடு உண்மையில் நேர்கோடு இல்லை, நடுங்கும். இரு நிலையங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நடுக்கம். ஒன்றில் பருவமழை ஜூன் 25இல் வந்து மற்றதில் ஜூலை 5இல் வந்தால் அந்த ஜூன் மாத வித்தியாசம் எங்கேயோ போய்விடும். இன்று தில்லிக்குள்ளேயே பாலம், ரிட்ஜ், ஆயாநகர், லோதி ரோடு என்று நிலையங்கள் இருக்கின்றன. 1890இல் அடுத்த நிலையம் வேறு மாவட்டத்தில். நடுக்கத்தைவிடச் சின்னக் குதிப்பு அதில் மூழ்கிவிடும்.

இதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு படம் உண்டு. 2006இல் அதே ஹாட்கிரட் தொடருக்காக ப்ரோஹன் குழுவினர் அதுவரை நிலையங்களுக்குச் செய்த திருத்தங்களை எல்லாம் எடுத்து, எத்தனை திருத்தம் எவ்வளவு பெரிது என்று வரைந்தார்கள். ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு மேடு வந்தது. கழித்த பக்கம் ஒன்று, கூட்டிய பக்கம் ஒன்று, நடுவில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் பள்ளம். இயற்கையில் சின்னத் தவறுகள் தானே பெரிய தவறுகளைவிட அதிகம் இருக்க வேண்டும்? அப்படியானால் அந்தப் பள்ளத்தில் இருக்க வேண்டியவை எங்கே? அவை எல்லாம் இன்னும் தரவுக்குள்ளேதான் இருக்கின்றன, யாரும் பிடிக்கவில்லை. பள்ளத்தை நிரப்ப எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் 0.4 டிகிரி நிச்சயமின்மை என்று வைத்தார்கள்.

பிடிபடாத பிழையின் அளவை, பிடிபட்டவற்றின் வடிவத்தை வைத்தே மதிப்பிட்டது எனக்கு அழகாகப் பட்டது.

லூ காற்று

0.4! 1944 மே 29இல் சஃப்தர்ஜங் 47.2, 2024 மே 29இல் 46.8. சரியாக எண்பது வருடம், அதே தேதி, வித்தியாசம் 0.4. அப்படியானால் பழைய சாதனை டிரா என்று அறிவித்துவிடலாமா?

முனிர்கா மாணவி

ஹா ஹா, முடியாது. அந்த 0.4 ஒரு நிலையத்தின் மாதச் சராசரி மேல் நீண்டகாலமாக ஒட்டியிருக்கும் திருத்தப் பிழைக்கு. ஒரு நாள் உச்சத்தின் பிழை வேறு கணக்கு. அந்த நாளின் வெயில், காற்று இல்லாத பெட்டி, அந்த வெப்பமானியின் அட்டை எல்லாம் சேரும்.

ஒற்றை நாள் சாதனைக்குத் தனி விசாரணைதான் வழி. லிபியாவின் அல் அஸீஸியாவில் 1922 செப்டம்பர் 13இல் 58 டிகிரி என்று பதிவானது தொண்ணூறு ஆண்டுகள் உலகச் சாதனையாக இருந்தது. 2012இல் உலக வானிலை அமைப்பு அதை ரத்து செய்தது. பழைய பதிவேட்டுத் தாளை எடுத்துப் பார்த்ததில், அந்த வேலைக்குப் புதியவர் ஒருவர் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் ஒரே குழாயில் காட்டும் பழைய வகைக் கருவியில் ஊசியின் தவறான முனையைப் படித்திருக்க வாய்ப்பு அதிகம் என்று முடிவுக்கு வந்தார்கள். கணக்கர் சாருக்கு இந்த விசாரணை பிடிக்கும். கையெழுத்து மாறிய தேதியில் இருந்து ஆரம்பித்தார்கள்.

கரோல்பாக் கணக்கர்

பிடித்தது. தேர்ந்த தணிக்கை அது.

இப்போது என் அடுத்த கேள்வி, இதுதான் என்னை உறுத்துவது. அண்டை வீட்டை வைத்து என் வீட்டைச் சரிபார்க்கிறீர்கள். தெரு முழுக்க ஒரே நாளில் தப்பாகிவிட்டால்? தலைமையகம் ஒரு சுற்றறிக்கை விட்டு எல்லா நிலையத்திலும் கருவியை மாற்றினால், ஜோடி ஜோடியாகக் கழித்தாலும் ஒன்றும் தெரியாதே?

முனிர்கா மாணவி

சார், இந்தத் துறையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். நடந்தும் இருக்கிறது. நம் நாட்டிலேயே.

இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது, தலைவர் பிளான்ஃபோர்டு. ஸ்டீவன்சன் பெட்டி அதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் உருவாகிவிட்டது, ஆனால் இந்திய வெயிலுக்கு அது போதாது என்ற எண்ணம் இங்கே இருந்தது. பதிலுக்கு நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகை போட்டு, கூரைக்குக் கீழே கம்பிக் கூண்டில் வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியாவில் இதுதான் வழக்கம். பிறகு ஸ்டீவன்சன் பெட்டிக்கு மாறினார்கள். இந்தியாவில் மட்டும் அல்ல, வெப்பமண்டலத்தின் பல காலனிகளிலும் இதே கதை.

கொட்டகையில் என்ன ஆகும்? இரவில் தரையும் வெப்பமானியும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர வேண்டும். கூரை அதை மறிக்கும், குறைந்தபட்சம் கீழே இறங்காது. பகலில் கூரை நேர்வெயிலைத் தடுத்தாலும், சுற்றிலும் சுட்டெரிக்கும் தரையின் சூடு திறந்த பக்கங்கள் வழியாக உள்ளே வரும். 1994இல் டேவிட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், மாற்றத்தின்போது கொட்டகையையும் பெட்டியையும் அருகருகே வைத்துப் படித்த பழைய ஒப்பீடுகளைத் தேடித் தொகுத்தார். வெப்பமண்டலத்தில் பழைய அளவீடுகள் உண்மையைவிடச் சுமார் 0.2 டிகிரி சூடாகக் காட்டியிருக்கலாம் என்று வந்தது.

இது எந்தத் திசை என்று கவனியுங்கள். பழையது சூடாகக் காட்டியிருந்தால், நடந்த வெப்ப உயர்வு நாம் பதிவில் பார்ப்பதைவிட அதிகம்.

ஆனால் ஹாட்கிரட் குழு இதைத் திருத்தமாகக் கழிக்கவில்லை. எந்த நிலையம் எந்த ஆண்டு மாறியது என்ற விவரம் போதாது. அதனால் நிச்சயமின்மைக் கணக்கில் போட்டார்கள். வெப்பமண்டலத்துக்கு 1930 வரை 0.2, பிறகு படிப்படியாகக் குறைந்து 1950இல் பூஜ்ஜியம். வெப்பமண்டலத்துக்கு வெளியே 1900 வரை 0.1, 1930இல் பூஜ்ஜியம்.

நிலையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கும் 0.4, நூறு நிலையங்களைச் சேர்த்தால் 0.04 ஆகிவிடும். இந்த 0.2 ஆயிரம் நிலையங்களைச் சேர்த்தாலும் 0.2தான். எண்ணைப் பார்த்தால் 0.4 பெரிது, ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுப்பது 0.2.

பழைய அப்சர்வர்

கொட்டகை பற்றி எங்கள் சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓலை மழைக்காலத்தில் ஈரமாகி நாள்கணக்கில் காயாது. ஈர ஓலையில் இருந்து நீர் ஆவியாகும்போது கீழே குளிர்ச்சி. ஆக ஜூலையில் ஒரு பிழை, மே மாதத்தில் வேறு பிழை. ஆண்டு முழுக்கவும் 0.2 என்று ஒரே எண்ணை ஒட்டவைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

துவாரகா டேட்டா

ஆமாம் ஐயா, பருவத்துக்குப் பருவம் மாறும் பிழை ஐரோப்பாவிலும் உண்டு. ஆல்ப்ஸ் பகுதியில் 1870களுக்கு முந்தைய வெப்பமானிகள் சுவரில், ஜன்னல் ஓரத்தில் வெயிலுக்குச் சரியான மறைப்பின்றி இருந்ததால் கோடைகள் சராசரியாக 0.4 டிகிரி கூடுதலாகப் பதிவாகியிருந்தன. 2010இல் ரைன்ஹார்ட் போம் குழுவினர் அதைத் திருத்தினார்கள். அங்கேயும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே பழக்கம் என்பதால் ஜோடி முறைக்கு அது சிக்கவில்லை.

நொய்டா நையாண்டி

எப்படிச் சுற்றினாலும் கடைசியில் ‘உண்மை வெப்ப உயர்வு இன்னும் அதிகம்’ என்றுதான் முடிக்கிறீர்கள். எல்லாத் திருத்தமும் ஒரே திசையில் போவது தற்செயலா? மானியம் அந்தத் திசையில் இருக்கிறது.

முனிர்கா மாணவி

எல்லாத் திருத்தமும் ஒரே திசையில் போவதில்லை. உலகின் மொத்தக் கணக்கில் திருத்தங்கள் நூற்றாண்டு வெப்ப உயர்வைக் குறைக்கின்றன. காரணம் கடல். பூமியின் பரப்பில் 70 சதவீதத்துக்கு மேல் அதுதான். பழைய கப்பல்களில் கித்தான் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு மேலே தூக்கி வெப்பமானியை வைப்பார்கள். தூக்கும்போதே காற்றில் நீர் ஆவியாகி வாளி குளிர்ந்துவிடும். பின்னாளில் எஞ்சினுக்கு இழுக்கும் நீரில் அளந்தார்கள், அது எஞ்சின் அறைச் சூட்டால் சற்றுக் கூடுதலாகக் காட்டும். திருத்தாமல் விட்டால் பழைய கடல் பொய்யாகக் குளிர்ந்து, வெப்ப உயர்வு பெரிதாகத் தெரியும். திருத்தியதும் குறைகிறது.

அமெரிக்க நிலத்தில் திருத்தம் உயர்வைக் கூட்டுகிறது, அது நிஜம்தான். காரணத்தை நம் ஊர் உதாரணமாகச் சொல்கிறேன். மே மாதம் மாலை 5 மணிக்கு 43 டிகிரி. அப்சர்வர் படித்துவிட்டு அதிகபட்ச வெப்பமானியை இறக்கி வைக்கிறார், அது 43க்கு வந்து நிற்கிறது. இரவு ஆந்தி, மழை. மறுநாள் உச்சம் 36தான். ஆனால் மறுநாள் மாலை 5 மணிக்குக் கருவி 43 காட்டும், ஏனென்றால் இறக்கியபோதே அது 43இல்தான் இருந்தது! ஒரே வெப்பத்தை இரண்டு நாளுக்குக் கணக்கெழுதியாகிவிட்டது. அமெரிக்கத் தன்னார்வலர்கள் பலர் இப்படி மாலையில் படித்து வந்தவர்கள், பின்னர் ஆண்டாண்டாகக் காலைக்கு மாறினார்கள். காலையில் படித்தால் குளிர் இரவு இரண்டு முறை விழும். ஆக நாடு முழுக்க மெல்ல ஒரு பொய்க் குளிர்ச்சி. அதை எடுத்தால் உயர்வு கூடத்தான் செய்யும்.

துவாரகா டேட்டா

அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் நகரத்துக்கு வெளியே, ஒரே இடத்தில் மூன்று சென்சார் வீதம் வைத்து, திருத்தமே தேவைப்படாதபடி ஒரு தனி வலைப்பின்னல் 2000களில் அமைத்தார்கள். பழைய நிலையங்களின் திருத்திய தரவு அதோடு நெருங்கி வந்தது, திருத்தாத தரவு விலகியது. 2016இல் ஹாஸ்ஃபாதர் குழு வெளியிட்ட ஒப்பீடு. மானியக்காரர்கள் என்றால், பெர்க்லியில் ரிச்சர்ட் முல்லர் இந்தத் திருத்தங்கள் மேல் சந்தேகம் கொண்டு, எண்ணெய்த் தொழிலதிபர் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளைப் பணமும் வாங்கிக்கொண்டு தானே முதலில் இருந்து கணக்குப் போட்டார். விடை மாறவில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. செயற்கைத் தரவு தயாரித்து அதில் வேண்டுமென்றே குதிப்புகளை ஒளித்து வைப்பார்கள், எங்கே என்று சொல்லாமல் மென்பொருளிடம் தருவார்கள். 2012இல் வில்லியம்ஸ், மென், தோர்ன் மூவரும் நோவா முறையை இப்படிச் சோதித்தார்கள். மென்பொருள் சரியான திசையில்தான் திருத்துகிறது, ஆனால் முழுவதும் திருத்துவதில்லை என்று வந்தது. கொஞ்சம் மிச்சம் வைத்துவிடுகிறது.

நொய்டா நையாண்டி

சரி, கடல் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ‘முழுவதும் திருத்துவதில்லை’ என்பதை ஏன் செய்தித்தாளில் போடுவதில்லை?

கரோல்பாக் கணக்கர்

செய்தித்தாளுக்கு 52.9 போதும், தம்பி.

எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன், தவறினால் மாணவி சொல்லட்டும். கண்ணால் படித்த பிழை கூட்டலில் கரைந்துவிட்டது, விடுங்கள். தனி நிலையக் குதிப்புகளில் பெரியவை பிடிபட்டன, சிறியவை பிடிபடவில்லை, ஆனால் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லா நிலையத்துக்கும் பொதுவான பிழைக்கு வவுச்சரே இல்லை. அதற்கும் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அது கூட்டலில் கரையாது. ஆக என் ஆட்சேபம் இனி திருத்தினதற்கு அல்ல, 1930க்கு முந்தைய கொட்டகைக்கு.

அப்படியானால் இந்த ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து மொத்தத்தில் எவ்வளவு ஆகிறது?

முனிர்கா மாணவி

உலகத்துக்கு: 1850–1900இலிருந்து 2011–2020 வரை உயர்வு 1.09 டிகிரி, வீச்சு 0.95 முதல் 1.20 வரை. ஐநா காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை. வெவ்வேறு குழுக்களின் தரவுகள், வாளி, கொட்டகை, தரவே இல்லாத இடங்கள் எல்லாம் அந்த வீச்சுக்குள்.

இதைப் பயன்படுத்தும் விதமும் மாறிவிட்டது. ஹாட்கிரட் தொடரின் ஐந்தாம் பதிப்பான ஹாட்கிரட்5 ஒரே ஒரு தொடரைத் தருவதில்லை, 200 தொடர்களைத் தருகிறது. ஒவ்வொன்றிலும் தெரியாத பிழைகளுக்கு வேறு வேறு சாத்தியமான மதிப்பு. ஒன்றில் கொட்டகை 0.1 கூட்டிக் காட்டியது, இன்னொன்றில் 0.25. நான் என் வேலையை 200லும் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் முடிவு 190இல் நின்று 10இல் விழுந்தால் அதையும் எழுத வேண்டும். என் வழிகாட்டி இதில் கறார், ஒரே தொடரை வைத்து வரைந்த படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்தியாவுக்கு மட்டும் என்றால் வீச்சு இதைவிட அகலம்தான், பரப்பு சின்னது, பொதுப் பிழை வேறு. 1950க்குப் பின் வந்த உயர்வில் கொட்டகைக்குப் பங்கே இல்லை என்பது ஆறுதல். வடக்கில் பாசனமும் புகையும் பகல் வெப்பத்தை அமுக்கி வைத்திருக்கின்றன. அது நிஜ மாற்றம், அளவீட்டுப் பிழை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு கழிக்கக்கூடாது.

மயூர் விகார் மாமி

எனக்கு ஒரு யோசனை. கொட்டகை எவ்வளவு தப்பாகக் காட்டும் என்று தெரியவில்லை என்றால், கட்டிப் பார்த்துவிட வேண்டியதுதானே? ஓலை, மூங்கில், இரண்டு வெப்பமானி. எங்கள் சொசைட்டி மாடியில் இடம் இருக்கிறது.

துவாரகா டேட்டா

மாமி, ஸ்பெயினில் அதைச் செய்தே இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு பாணித் திறந்த தாங்கியை லா கொருன்யாவிலும் மூர்சியாவிலும் பழைய வரைபடப்படி செய்து, ஸ்டீவன்சன் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். பகல் உச்சம் கணிசமாகக் கூடுதல், இரவுக் குறைந்தபட்சம் சற்றுக் குறைவு என்று வந்தது. பழைய ஸ்பானியத் தொடர்களைத் திருத்த அந்த எண்களை எடுத்தார்கள்.

பழைய அப்சர்வர்

மாடி வேண்டாம் அம்மா. காங்கிரீட் சூட்டைத்தான் அளப்பீர்கள். புல்தரை வேண்டும், சுற்றிலும் கட்டடமும் மரமும் தள்ளி இருக்க வேண்டும். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீவன்சன் பெட்டியும் வேண்டும், இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது? வெப்பமானிகளை மாதாமாதம் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் படிக்க வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் கொட்டகையுடையதா வெப்பமானியுடையதா என்று தெரியும். குறைந்தது ஒரு முழு ஆண்டு, லூ வெப்பக்காற்றும் மழையும் ஜனவரி மூடுபனியும் அதில் வர வேண்டும். ஓலையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்று பழைய கையேடுகளில் பார்த்து அப்படியே மாற்ற வேண்டும். புது ஓலை ஒரு மாதிரி, பழைய ஓலை ஒரு மாதிரி.

நஜஃப்கர் பக்கம் யாருக்காவது நிலம் இருந்தால் சொல்லுங்கள். காலை 8:30க்கு நான் வந்து படிப்பேன், மாலைக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

கரோல்பாக் கணக்கர்

மாலை 5:30 நான் வருகிறேன். ரெஜிஸ்டரும் நானே வைத்துக்கொள்கிறேன். மையில் எழுத வேண்டும், அழிப்பான் வேண்டாம்.

லூ காற்று

நஜஃப்கரில் என் நண்பனின் மாமனாருக்கு ஒரு கால் ஏக்கர் இருக்கிறது, ஆனால் அங்கே மாடு கட்டியிருக்கிறார்கள். ஓலை மிஞ்சுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.